சொக்கம்மாள் வீட்டு உப்பு

1927இல் எண்ணூரில் நான் உப்புச் சேவகன். உப்பு மண்ணைச் சுரண்டி, சர்க்காருக்குத் தெரியாமல் வீட்டில் உப்புக் காய்ச்சுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் சொக்கம்மாள், கடையில் உப்பே வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு மத்தியானம் அவள் குடிசைக்குள் புகுந்து பானை பானையாகக் கவிழ்த்தேன். ஒரு கல் உப்புகூட அகப்படவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“உப்பு இல்லாமயா துன்ற?” என்று கத்தினேன்.

“நீயே துன்னு பாரு நைனா” என்று சோற்றில் ஊற்றிக் கொடுத்தாள்.

தின்றேன்; உப்பு அளவாக இருந்தது. புல்லும் முளைக்காத பின்பக்கத்துக் களர்நிலத்தைக் காட்டினாள். அங்கே உமரிக்கீரை சிவந்து படர்ந்திருந்தது. கிள்ளி வாயில் வைத்தேன், கரித்தது. எவ்வளவு சிவந்தால் எத்தனை முறை தண்ணீரில் அலசிக் குழம்பில் போடவேண்டும் என்பது அவளுக்குக் கண்ணளவு. பத்து வருஷம் உப்பைக் காத்த எனக்கு அது தெரியாது.

“உப்பு எடுத்தது இந்தச் செடி. புடிக்கணும்னா இத்தப் புடி” என்றாள்.

‘உப்பு ஏதும் கிடைக்கவில்லை’ என்று அறிக்கை எழுதினேன். எழுதிய கையில் அவள் குழம்பு மணத்தது.