முதலில் கூரை ஏறிய அறை

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் எங்கள் ஊரான நானாட்டானுக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. காணியில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். பிறகு வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. வீடென்றால் கட்டிமுடித்த வீடில்லை. அத்திவாரம் முடிந்தால் காசில் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் அடுத்த பங்கு என்று தருவார்கள்.

அத்திவாரம் வெட்டிய அன்று, மேசன் பிடித்த கயிற்றைத் தாண்டி, றோட்டுப் பக்கமாக இன்னோர் அறைக்கும் அம்மா கோடு கீறிவிட்டார். அது வாடகைக்கு விடவாம். அப்பா தலையைச் சொறிந்தார். இருக்கப்போகிற வீட்டுக்கே வழியில்லை, அதற்குள் இவளுக்குக் குடியிருக்க ஆள் வேண்டுமாம் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பெரியப்பாவின் வாய் பலித்தது. முதலில் கட்டிய அந்த அறையே சீமெந்தை விழுங்கிவிட்டது. வீட்டுச் சுவர்கள் யன்னல் மட்டத்தோடு நின்றன. பார்க்க வந்த அதிகாரி, சுவர் முழுதாக எழும்பினால்தான் அடுத்த பங்கு என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாரி தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது. அப்படி நின்றுபோன வீடுகள் ஊரில் இரண்டு மூன்று இருந்தன, அவற்றுக்குள் ஆடுகள் படுத்தன.

அப்போது அம்மா செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். எங்கள் கொட்டிலின் தகரங்களைக் கழற்றி அந்த அறைக்குக் கூரை போட்டார். எங்கள் காணியில் முதற்கதவும் அதற்குத்தான். வவுனியாவிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து, தங்க இடம் தேடித் திரிந்த ஒரு ரீச்சரைக் கூட்டிவந்து அதில் குடிவைத்தார். நாங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் போனோம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எங்கிருந்தோ வந்தவர் கதவைப் பூட்டிக்கொண்டு நனையாமல் இருக்கிறார், வீட்டுக்காரரான நாங்கள் தறப்பாளில் தேங்கும் தண்ணீரைத் தடியால் குத்தி ஊற்றுகிறோம். இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ரீச்சர் தந்த முற்பணத்தில் சீமெந்து வந்தது. அப்பாவே அச்சில் போட்டுச் சீமெந்துக் கல் அரிந்தார். சுவர் எழும்பியது, அதிகாரி திரும்பி வந்து அளந்தார், தைப்பொங்கலுக்கு முன்னம் எங்கள் வீட்டுக்கும் ஓடு ஏறியது. அந்தக் கிழமையே பெரியப்பா தன் காணியில், றோட்டுப் பக்கமாகக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் என் மனதில் நிற்பது ரீச்சர் வந்த முதற்கிழமை நடந்த ஒரு சின்ன விஷயம். அம்மா தறப்பாளுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ரீச்சர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, கலண்டர் கொழுவ ஒரு ஆணி அடிக்கலாமோ?"

அம்மா கையைக் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு அறைக்குள் போனார். சுவரை அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார்.

"அடியுங்கோ ரீச்சர். ஆனா ஒண்டு காணும், ரெண்டாவது வேண்டாம்."

திரும்பி வந்து மீனைக் கையில் எடுத்தவர் வெட்டாமல் அப்படியே சிரித்த முகத்தோடு இருந்தார். ஓர் ஆணிக்கு இவ்வளவு எடுப்பா என்று எனக்குச் சிரிப்பு. பின்னேரம் அப்பாவுக்கு அதை நடித்துக் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை.

முகாமில் வாசலைத் தாண்ட, ஒரு கலியாணத்துக்குப் போய் ஓரிரவு தங்க, அம்மா முகாம் அதிகாரியின் கந்தோர் மேசைக்கு முன்னால் அனுமதிக் கையெழுத்துக்குக் காத்து நிற்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். அப்படியிருந்தும், அம்மாவிடம் ஒருவர் அனுமதி கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.