பின்தெருவில் கிடைத்த கடிதங்கள்

எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்ததே இல்லை. இருந்தும் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தில் எங்கள் குடிசையில் முப்பதுக்கு மேல் கடிதங்கள் இருந்தன. எல்லாம் பினாங்கிலிருந்து விமானத்தில் வந்தவை. மெல்லிய நீலத்தாள்; மடித்து ஒட்டினால் அதுவே உறை. அவற்றில் ஒன்றுகூட எங்களுக்கு எழுதப்பட்டதல்ல.

அப்போது நாங்கள் திருமயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்தோம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடுகள் நிறைந்த ஊர். முன்தெருவில் எங்களுக்கு வேலையில்லை. பின்தெருவில்தான் வீடுகள் குப்பையைக் கொட்டும். என் ஆத்தாவின் பிழைப்பும் அங்கேதான். அம்மாவை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா ஜெகதாப்பட்டினத்தில் தோணி ஏறிக் கள்ளத்தனமாகக் கொழும்புக்குப் போனபோது எனக்கு மூன்று வயது. போய்ச் சேர்ந்தாரா என்பதுகூடத் தெரியாது. இரண்டு வருஷம் மழை பொய்த்து, வயல் வேலை நின்றதும் ஆத்தா கோணிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

கிழிசல் துணி, எலும்பு, துருப்பிடித்த இரும்பு, உடைந்த கண்ணாடி, காகிதம் என்று குவியல் குவியலாகப் பிரிப்பாள். எலும்பு உரத்துக்குப் போகும். காகிதம் மளிகைக் கடைக்கு, பொட்டலம் மடிக்க. மற்றதெல்லாம் காயலான் கடைக்கு. குப்பையில் விழுந்ததைத்தான் எடுப்பாள். வாசற்படியில் கிடந்தால் குனிந்துகூடப் பார்க்கமாட்டாள். ஒருமுறை அடுப்புச் சாம்பலோடு குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு ஒன்று வந்துவிட்டது. கதவைத் தட்டிக் கொடுத்தாள். வேலைக்காரம்மா அதைத் தரையில் வைக்கச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டுத்தான் கையால் எடுத்தாள். ஆத்தா அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நான் பாயின் கடைசி ஓரம். எனக்கும் அடுத்த பெண்ணுக்கும் நடுவில் இன்னொருத்தி தாராளமாக உட்காரலாம். ஆத்தா தினமும் என்னைக் கண்மாயில் இறக்கித் தோல் சிவக்கத் தேய்த்துத்தான் அனுப்புவாள். நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்பதைத் தேய்த்துப் போக்க முடியுமா? பேச்சுத் துணைக்கு எனக்குக் காகிதங்கள்தான். கிழிந்த பஞ்சாங்கம், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் கடைக்குப் போகுமுன் ஒருமுறை வாசித்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் ஆத்தாவுடன் போயிருந்தேன். ஊரில் பச்சைக்கதவு வீடு என்று சொல்லும் வீட்டின் பின்கதவு திறந்தது. வழக்கமாகக் குப்பை கொட்ட, வெள்ளிச் சங்கை வாங்கிக்கொண்ட அந்த வேலைக்காரம்மாதான் வருவாள். அன்று வந்தது அந்த வீட்டு ஆச்சி. ஆத்தாவின் வயதுதான் இருக்கும். புருஷன் பினாங்கில் வியாபாரம், குழந்தை இல்லை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். கையில் நூலால் கட்டிய ஒரு நீலக் கட்டு.

“ஏத்தா, இதையும் சாக்குல போட்டுக்க. பொட்டலத்துக்கு ஆகும்.”

ஆத்தா தயங்கினாள். “கடுதாசி மாதிரி இருக்குங்க ஆச்சி. வேணுங்குறதா இருக்கப்போவுது, பாத்துட்டுப் போடுங்க.”

“எல்லாம் பாத்தாச்சு.”

கட்டு குப்பைமேல் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

ஆத்தா அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடிசை வாசலில் உட்காரவைத்து, “ஒண்ணே ஒண்ணு படி, என்னதான் எழுதிருக்குன்னு பாப்பம்” என்பாள். ஒன்று படித்தால் இன்னொன்று. நலம், நலமறிய ஆவல். இங்கே ஓயாத மழை. மாங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது, கூட இருப்பவர்களே பாதியைத் தின்றுவிட்டார்கள். உனக்குக் காய்ச்சல் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் காய்ச்சல் கடிதத்தை மட்டும் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். சலித்துப்போய் நடுவில் ஒரு வரி தாண்டினால் கண்டுபிடித்துவிடுவாள். எழுத்துத் தெரியாதவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

எனக்கும் ஓர் ஆசை வந்தது. ஒருநாள் இல்லாத வரியொன்றைச் சேர்த்துப் படித்தேன். “பிள்ளை எப்படிப் படிக்கிறாள்?”

ஆத்தா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அப்படியா எழுதிருக்கு?”

“ஆமா.”

தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, “நல்லாப் படிக்கிறான்னு சொல்லு” என்றாள்.

கட்டின் கடைசியில் இருந்தது மிகச் சின்னக் கடிதம். ‘இங்கே எனக்கு ஒரு குடும்பம் அமைந்துவிட்டது. பையனுக்கு இரண்டு வயது. அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் இப்போது தெரிய வேண்டாம். உனக்கு ஒரு குறையும் வராது’ என்று இருந்தது. அத்தனை கடிதங்களில் முதல்முறையாக ஒரு குழந்தை வந்ததில் எனக்குச் சந்தோஷம், உற்சாகமாகத்தான் படித்தேன். ஆத்தா அதை என் கையிலிருந்து வாங்கி, உப்புப் பானைக்கு அடியில் தனியாக வைத்தாள். அதற்கப்புறம் சில நாட்கள் எதையும் படிக்கச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வகுப்பில் ஒருத்திக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து பட்டு நாடா அனுப்பியிருந்தார். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். மறுநாள் நான் ஊறுகாய்க் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன். “எங்க அப்பா பினாங்குலேருந்து போட்டது” என்று காட்டினேன். ராணியின் தலை அச்சடித்த அந்த நீலத்தாளைப் பார்க்க நாலைந்து பேர் குனிந்தார்கள். ஒருத்தியின் தோள் என் தோளில் பட்டது. அதை அவள் விலக்கிக்கொள்ளவில்லை. அந்த நிமிஷம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அவர்களில் ஒருத்தி பச்சைக்கதவு வீட்டுக் கணக்குப்பிள்ளையின் மகள். அவள் தாளைத் திருப்பி முகவரியைப் படித்தாள்.

மறுநாள் விடிந்ததுமே அந்த வீட்டு வேலைக்காரம்மா எங்கள் குடிசைக்கு வந்து, தள்ளி நின்றபடியே கத்தினாள். “பெரியவுக ஒன்னெக் கூட்டியாரச் சொன்னாக. அந்தக் கடுதாசி பூராத்தையும் எடுத்துக்கிட்டு வெரசா வா!”

பெரியவுக என்றால் ஆச்சியின் புருஷனுக்கு அண்ணன். அழுதுகொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். ஆத்தா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“எந்தக் கடுதாசியக் காட்டுன?”

“ஊறுகாக் கடுதாசி.”

பெருமூச்சு விட்டாள். பிறகு உப்புப் பானையை நகர்த்தி, அடியிலிருந்த கடிதத்தை எடுத்து அடுப்புக்குள் போட்டாள். நீலம் சுருண்டு கறுத்தது. “பூராத்தையும் கேக்குறாகளே ஆத்தா, குறைஞ்சா திருடின்னு சொல்லுவாகளே” என்று நான் பதறினேன். அவள் மிச்சக் கடிதங்களை நூலால் கட்டி, முந்தானையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பின்கட்டு முற்றத்தில் எங்களை வெயிலில் நிறுத்தினார்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்சாதி, பிள்ளைகள், வேலைக்காரர்கள், சமையற்காரர், கணக்குப்பிள்ளை எல்லோரும் கூடியிருந்தார்கள். தூண் ஓரத்தில் ஆச்சி.

“யாரு எடுத்துக் குடுத்தா ஒனக்கு?” என்றார் பெரியவர்.

“குப்பையில கெடந்துச்சுங்க ஐயா.”

“பொட்டிக்குள்ள இருந்தது எப்படிக் குப்பைக்கு வந்துச்சு?”

“எனக்குத் தெரியாதுங்க.”

நான் தூண் பக்கம் பார்த்தேன். ஆச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வாயே திறக்காததால் நான் திறந்தேன். “ஆச்சிதான்...” என்பதற்குள் ஆத்தா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை அப்படி வலிக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

“திருட்டுச் சிறுக்கி” என்றார் பெரியவர்.

ஆத்தா தலையை நிமிர்த்தினாள். “குப்பையில எடுத்தேன்னு சொல்லுங்க ஐயா, கேட்டுக்கிறேன். திருடுனேன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்தத் தெருவுல எந்த வாசப்படியாச்சும் நான் ஏறிருக்கேனான்னு இவுகளயே கேளுங்க.”

முற்றத்தில் யாரும் பேசவில்லை. வெள்ளிச் சங்கு வாங்கிய வேலைக்காரம்மாவும் பேசவில்லை.

கடிதக் கட்டை ஆச்சியிடம் கொடுக்கச் சொன்னார்கள். ஆச்சி நூலை அவிழ்த்து ஒவ்வொரு கடிதமாகப் புரட்டினார். கடைசிக் கடிதத்துக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு நிமிர்ந்து ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தாவும் அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

“எல்லாம் சரியா இருக்கா?” என்றார் பெரியவர்.

“எல்லாம் இருக்கு” என்றார் ஆச்சி. அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கடிதங்கள் கிடைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இனிமேல் பின்தெருவில் ஆத்தாவைக் காணக்கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஒரு வீடு சொன்னால் அந்த ஊரில் எல்லா வீடும் சொன்ன மாதிரி. இரண்டே நாளில் எல்லாப் பின்கதவுகளும் எங்களைக் கண்டதும் சாத்திக்கொண்டன. மூன்றாம் நாள் இரண்டு சட்டியும் ஒரு சாக்குமாகப் புதுக்கோட்டை ரோட்டில் நடந்தோம். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அங்கே யாரும் இல்லை.

வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் பொங்கியது. “ஆச்சிதான எறிஞ்சாக? ஏன் ஆத்தா சொல்லல? சொல்லிருந்தா நம்ம அங்கேயே இருந்திருக்கலாம்ல?”

ஆத்தா காலில் தைத்த முள்ளைத் தேடிக்கொண்டே சொன்னாள். “பாவம், அவுக ஒத்தையில கெடக்காக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முற்றத்தில் கூடியிருந்தவர்களை விரல்விட்டு எண்ணினேன். பெரியவர், அவர் பெண்சாதி, பிள்ளைகள், கணக்குப்பிள்ளை, சமையற்காரர், வண்டிக்காரர், வேலைக்காரம்மாக்கள். இரண்டு கை விரல்களும் போதவில்லை. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தி எப்படி ஒத்தையில் கிடக்க முடியும்? ஆத்தாவுக்கு எழுத்து மட்டுமல்ல, எண்ணிக்கையும் தெரியாதுபோல என்று நினைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன்.