ஐந்து பேர் கண்டுபிடித்த பிக்சல்

திண்டுக்கல் நாகல் நகரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாஸ்கலின் மனைவி ஏஞ்சலினை அந்தத் தெருவில் காலேஜ் டீச்சர் என்பார்கள். என்ன பாடம் எடுக்கிறாள் என்று கேட்டால், "கேமராவோ என்னமோ" என்று பாஸ்கலே இழுப்பான். அதில் தப்பும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் நகத்தளவுச் சில்லில்தான் அவள் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள்.

அந்தச் சில்லில் லட்சக்கணக்கான குட்டிக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பிக்சல். வெளிச்சம் விழ விழ அதில் மின்னூட்டம் சேரும். சேர்ந்ததைப் படித்தால் படம். சாதாரணக் கேமரா வரிசை வரிசையாகப் படிப்பதால், வேகமாக ஓடும் பொருள் படத்தில் கோணிக்கொண்டு விழும். ஒட்டன்சத்திரத்தில் வெங்காயம் தரம் பிரிக்கும் மிஷினில் அந்தக் கோணல்தான் தொல்லை. அதனால் எல்லாக் கிண்ணமும் ஒரே நொடியில் பிடித்ததைப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறையில் போட்டு வைத்து, முறை வரும்போது படிப்பது என்று ஒரு வழி உண்டு. காத்திருக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் வேண்டாத வெளிச்சம் கசியும், படம் கெடும். கசியாமலிருக்க மேலே ஓர் உலோக மூடி போடுவார்கள். எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

உலகமே மூடியை இறுக்கிக்கொண்டிருந்தது. ஏஞ்சலினும் இறுக்கிப் பார்த்து அலுத்துப் போனாள். பிறகு நேர்மாறாகச் செய்தாள். பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளுக்கு ஒரே மூடி; அதில் இரண்டு பக்கமும் வேண்டுமென்றே ஒரே அளவில் ஓர் ஓட்டை. ஒரு படத்தில் இடது அறையை முதலில் படிப்பது, அடுத்த படத்தில் வலது அறையை. காத்திருக்கும் நேரம் மாறுவதால் எவ்வளவு கசிந்தது என்பது அந்த வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் கழித்துவிடலாம். கம்ப்யூட்டரில் மாதிரி ஓட்டிப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. அன்று பாஸ்கலிடம் சொன்னபோது அவன், "அப்போ ஒழுகுறத அடைக்கல, ஒழுகுனத அளந்துட்ட" என்றான். ஏஞ்சலினுக்கு அதுவே போதும்போல் இருந்தது.

அவள் வேலை பார்த்த பொறியியல் கல்லூரி வடமதுரை தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே நின்றது. அந்த வருஷம் தரவரிசைக்கு மதிப்பெண் குறைகிறது என்று முதல்வர் பிராங்கிளின் எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆளுக்கு ரெண்டு பேட்டண்ட் போடணும். கிடைக்கணும்னு இல்ல. பப்ளிஷ் ஆனாலே மார்க்குதான்" என்றார்.

மதுரையிலிருந்து ஓர் ஏஜென்ட் வந்திருந்தான். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தையில் கத்தரிக்காய் விற்பவனைப் போல், "யாருக்கு எது வேணும்? ஸ்மார்ட் தொப்பி இருக்கு, ஸ்மார்ட் குடை இருக்கு, மாட்டுக்குக் கட்டுற ஸ்மார்ட் மணி இருக்கு. பேரை மட்டும் சொல்லுங்க, போட்டுடலாம்" என்றான். சிவில் துறைப் பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டார். கெமிஸ்ட்ரி மேடத்துக்கு மாட்டு மணி. நன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிப் பேசுகிறவர்கள், சிரித்துக்கொண்டே கை நீட்டி வாங்கினார்கள். ஏஞ்சலின் கை நீட்டவில்லை.

"எனக்கு ரெடிமேட் வேணாம் சார். என்கிட்ட சொந்தமா ஒண்ணு இருக்கு" என்றாள்.

முதல்வர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லதாப் போச்சு மேடம். ஏஜென்ட் கிட்ட குடுத்துருங்க. அவர் மத்ததப் பாத்துக்குவார்."

அவன் பார்த்துக்கொண்டான். சீக்கிரமே வெளியிடக் கேட்டு விண்ணப்பித்திருந்ததால் சில மாதத்தில் அந்தக் காப்புரிமை விண்ணப்பம் இணையத்தில் வந்துவிட்டது. ஏஞ்சலின் திறந்து பார்த்தாள். கண்டுபிடித்தவர்கள் ஐந்து பேர். முதல் பெயர் ஆண்டனிராஜ். தாளாளரின் மருமகன், பைபாஸில் கல்யாண மண்டபம் நடத்துகிறவர். அடுத்து தாளாளர், முதல்வர், துறைத் தலைவர். கடைசியில் அவள்.

பெயரைக்கூட அவள் ஒருவாறு எதிர்பார்த்துத்தான் இருந்தாள். எதிர்பாராதது உள்ளே இருந்தது. ஓட்டையைப் பற்றிய பகுதி மொத்தமும் காணோம். அந்த இடத்தில், 'மேற்படி மூடி எவ்வித இடைவெளியும் இன்றி முழுமையாக மூடப்பட்டிருக்கும். இடைவெளி விரும்பத்தக்கதல்ல' என்று புதிதாக ஒரு வாக்கியம் இருந்தது.

உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டாள்.

"மேடம், மூடின்னா மூடியிருக்கணும்ல? நீங்க ஓட்டை இருக்குன்னு எழுதியிருந்தீங்க. டைப்பிங் மிஸ்டேக்குன்னு நெனச்சு நாந்தான் சரி பண்ணிட்டேன்" என்றான் அவன், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

"என்னைக் கேட்டிருக்கலாம்லங்க."

"எம்புட்டு ஃபைல் மேடம்! ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு இருந்தா முடியுமா?"

மறுநாள் கல்லூரியில் கேக் வெட்டினார்கள். ஆண்டனிராஜ் தன் கையால் ஒரு துண்டை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார், போட்டோவுக்காக. மறுக்க வழியில்லை. அந்த வனஸ்பதி க்ரீம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அன்று முழுக்க எத்தனை தடவை கொப்பளித்தும் போகவில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துக் காப்புரிமை அலுவலகத் தேர்வாளரின் அறிக்கை வந்தது. இரண்டு பழைய காப்புரிமைகளைக் காட்டியிருந்தார். ஒன்றில் இரண்டு பிக்சல்கள் பக்கம் பக்கமாக இருந்து, மின்னூட்டத்தைப் படிக்கும் ஒரே சுற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. மற்றதில் அறைக்கு மேல் முழு மூடி. இந்தத் துறை தெரிந்த எவருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். எனவே இதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்.

ஏஞ்சலின் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வரியில்கூடத் தப்புச் சொல்ல முடியவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர்தான் இந்த விவகாரத்தில் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தவர் என்று தோன்றியது.

விசாரணை வீடியோவில் நடந்தது. முதல்வர் அறையில் மற்ற நால்வரும் டை கட்டி, கோட்டுப் போட்டு உட்கார, ஏஞ்சலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திரையில் தெரிந்த பெண் அதிகாரி மரியாதையாகவே ஆரம்பித்தார்.

"முதல் கண்டுபிடிப்பாளர் யாருங்க? இந்த மூடியோட வேலை என்னன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க."

ஆண்டனிராஜ் தொண்டையைச் செருமினார். "மேடம், இது ஏஐ பேஸ்டு மேடம். சொசைட்டிக்கு ரொம்ப யூஸ்ஃபுல். ஃபார்மர்ஸுக்கும் யூஸ் ஆகும்."

"நான் மூடியைப் பத்திக் கேட்டேன்."

"மூடி… டஸ்ட் உள்ள போகாம இருக்க மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். ஏஞ்சலினுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. இப்படிப்பட்ட மூஞ்சிகளை அந்த அம்மாள் தினமும் பார்க்கிறார் போலிருக்கிறது. அவற்றில் ஒன்றாகத் தன் மூஞ்சியும் அந்தத் திரையில் தெரிகிறது.

"மேடம், நான் சொல்லலாமா?" என்று அவள் வாயெடுத்தாள். தான் எழுதிக் கொடுத்ததில் ஓர் ஓட்டை உண்டு, அதுதான் விஷயமே என்று சொல்லத் தொடங்கினாள்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சுவாரசியமா இருக்கு. ஆனா தாக்கல் செஞ்சதுல அது இல்லையே. இல்லாததை இப்போ சேர்க்க முடியாது. இருக்கிறதுல இடைவெளியே கூடாதுன்னு போட்டிருக்கீங்க" என்றார்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. கல்லூரியில் ஒருவர் முகமும் வாடவில்லை. பப்ளிஷ் ஆனதற்கான மதிப்பெண் எப்போதோ கிடைத்துவிட்டது. கோட்டைக் கழற்றியபடியே ஆண்டனிராஜ், "லஞ்ச் எங்க சார்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஏஞ்சலின் நேரே பேகம்பூருக்குப் போனாள், சபிஹா வீட்டுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். முறையாகப் பரீட்சை எழுதிக் காப்புரிமை முகவராகி, வீட்டு மாடியிலிருந்தே சென்னைக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிறவள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏண்டி, இதை முன்னாடியே என்கிட்ட கொண்டாந்திருக்கக் கூடாது?" என்று ஒரு கத்துக் கத்தினாள். பிறகு வெளியான விண்ணப்பத்தை லேப்டாப்பில் திறந்து படித்தாள்.

"ஏய், அந்த ஓட்டையை அவன் வெளியிடவே இல்லையே."

"இல்ல. எடுத்துட்டான்."

"வேற எங்கயாச்சும் எழுதுனியா? கருத்தரங்குல, கட்டுரையில?"

"எங்கயும் இல்ல."

"அப்போ அது இன்னும் புதுசுதான் புள்ள. புதுசாத் தாக்கல் பண்ணலாம். ஆனா நீ காலேஜ்ல வேலை பாக்குற. நாளைக்கு எங்களுதுன்னு வந்து நிப்பாங்க. ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா."

மறுநாள் முதல்வரிடம் போய் நின்றாள். கேட்க வாய் கூசியது. தன்னுடையதைத் தனக்குத் தரும்படி ஒரு திருட்டுக் கூட்டத்திடம் கெஞ்சுகிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

பிராங்கிளின் நாற்காலியில் சாய்ந்தார். "அந்த ஓட்டை விஷயமா மேடம்? ஏஜென்ட் தப்புன்னு தூக்கிப் போட்டாரே, அதுவா? தாராளமா எடுத்துக்கங்க. இந்த வருஷக் கணக்கு நமக்கு முடிஞ்சுபோச்சு." படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "வேஸ்ட் ஆகப் போறதுதானே" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். நகரத்திலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் எடுக்கச் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. பாஸ்கல், "பஸ்ஸுல போற நேரமாவது மிச்சம்" என்றான்.

அவள் பெயரில் மட்டும் போட்ட புதிய விண்ணப்பத்துக்கும் ஒருநாள் அறிக்கை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சபிஹா வழக்கத்துக்கு மாறாகத் தயங்கினாள்.

"உக்காரு. உனக்கு எதிரா ஒரு டாகுமெண்ட் காட்டியிருக்காங்க. டி ஒன்."

"எந்த நாட்டுது?"

"வடமதுரை."

டி ஒன், அதாவது முதல் எதிர் ஆவணம் என்று குறிக்கப்பட்டிருந்தது அந்தக் கல்லூரியின் பழைய விண்ணப்பம். ஆண்டனிராஜும் மற்றவர்களும் இரட்டைப் பிக்சலையும் பொது மூடியையும் முன்பே கண்டறிந்திருக்கிறார்கள். அதில் ஓர் ஓட்டை போடுவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று தேர்வாளர் எழுதியிருந்தார்.

ஏஞ்சலின் எழுந்து வாஷ் பேசினுக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். அவளிடமிருந்து பிடுங்கியதையே அவளுக்கு எதிராகச் சாட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தேர்வாளரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கையில் இருக்கும் காகிதந்தான் தெரியும். யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவர்தான் கண்டுபிடித்தவர்.

"அது என்னோடதுதான்னு எழுதிடலாம்ல?"

"எழுதி என்ன ஆகும்? உன்னோடதா இருந்தாலும் முன்னாடியே வெளிவந்துருச்சு. அதத் தாண்டி உனக்கு என்ன தோணுச்சுங்கறதுதான் கேள்வி." சபிஹா லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினாள். "ஆனா இதப் பாரு. அந்த முட்டாப்பய என்ன எழுதி வச்சிருக்கான்? இடைவெளி விரும்பத்தக்கதல்ல. இதப் படிச்சவனுக்கு ஓட்டை போடத் தோணுமா, இல்ல இன்னும் இறுக்கி மூடத் தோணுமா? ஓட்டை வேணாம்னு திருப்பி விடுற டாகுமெண்டுல இருந்து ஓட்டை எப்படிடி எளிதாத் தோணும்? இம்புட்டும் நமக்குச் சாதகம்."

வாதம் வலுவானது. அதை எழுதத்தான் ஏஞ்சலினுக்குக் கை வரவில்லை. 'டி ஒன்றின் கண்டுபிடிப்பாளர்கள் தங்கள் ஆய்வில் இடைவெளியைத் தவிர்க்குமாறு தெளிவாக வழிகாட்டுகிறார்கள்' என்று எழுத வேண்டும். ஆய்வாம். வழிகாட்டுகிறார்களாம். கேக் ஊட்டிய விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு வரிக்கும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினாள். ஒரு முட்டாளின் திருத்தத்தைப் பெரிய அறிஞர்களின் முடிவாகக் காட்டித்தான் தன் மூளையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

"உண்மைய எழுதியே ஜெயிக்க முடியாதா?" என்றாள்.

"இதுல எது பொய்? அதுல அப்படித்தானே போட்டிருக்கு" என்றாள் சபிஹா. ஏஞ்சலின் அடுத்த வரியை எழுதினாள்.

விசாரணையில் வேறோர் அதிகாரி. மாதிரி ஓட்டிய படங்களை நிதானமாகப் பார்த்தார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். படிக்கும் வரிசையை மாற்றுவதையும் ஓட்டையையும் சேர்த்தே உரிமை கோர வேண்டும், தனித்தனியாக முடியாது என்று சுருக்கினார். அவள் ஒத்துக்கொண்டாள். காப்புரிமை கிடைத்தது. பாஸ்கல் கடையைப் பூட்டிவிட்டு மட்டன் எடுத்து வந்தான். சபிஹாவும் வந்து சாப்பிட்டாள். ஏஞ்சலினுக்கு ருசி தெரியவில்லை. அதன் பிறகும் எந்தக் கம்பெனியும் அந்தப் பிக்சலைக் கேட்டு வரவில்லை.

பிராங்கிளினிடமிருந்துதான் போன் வந்தது.

"வாழ்த்துக்கள் மேடம்! கிராண்ட் ஆயிருச்சாமே. ஒரு சின்ன விஷயம். நம்ம காலேஜ்ல இருக்கும்போது பண்ணதுதானே? நம்ம கணக்குல காட்டிக்கிறோம். வெப்சைட்டுல உங்க போட்டோ போட்டாச்சு."

"எடுத்துருங்க சார். நீங்களேதான் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க."

"அது ஃபார்மாலிட்டி மேடம். கிராண்டுக்கு மார்க் அதிகம். நம்ம எல்லாம் ஒரே குடும்பந்தானே?"

அவள் போனை வைத்தாள். வெப்சைட்டைத் திறந்தாள். பழைய அடையாள அட்டைப் போட்டோ. கீழே, 'எங்கள் நிறுவனத்தின் பெருமை. வழிகாட்டி: திரு. ஆண்டனிராஜ்' என்று இருந்தது.

"சும்மா விடாத. நோட்டீஸ் அனுப்புவோம். நானே டிராஃப்ட் பண்றேன்" என்று சபிஹா குதித்தாள். பாஸ்கலும் அவள் பக்கம்தான் பேசினான்.

ஏஞ்சலின் தலையை ஆட்டினாள். "வேணாம். நோட்டீஸ்னா மறுபடியும் அந்தப் பேரையெல்லாம் வரிசையா எழுதணும். என்னால முடியாது. சாக்கடையில கல்லெறிஞ்சா என் மேலதான் தெறிக்கும்."

"அப்போ அவனுங்க ஜெயிச்சதா இருக்கட்டுமா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

சபிஹாவுக்கு அது பொறுக்கவில்லை. கோழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ரொம்ப நாள் பேசவில்லை. பிறகு அவளேதான், பிரியாணிச் சட்டியோடு வந்து நின்று, அடுத்து என்ன பண்ணப் போற என்று கேட்டாள். ஏஞ்சலின் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். இருட்டில் எடுக்கும் படங்களில் வரும் இரைச்சலைக் குறைக்க ஒரு புதுக் கிண்ணம், பாதி வரைந்தபடி.

"யாருக்கும் காட்டலையே?"

"உனக்குத்தான் மொதல்ல" என்றாள் ஏஞ்சலின்.