இன்னும் இடம் இருக்கு, வா

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கதை கட்டுகிறவன் அல்ல. இது நடந்தது எங்கள் தெருவில் இருக்கும் நோலீனுக்கு. பெண்டிகோ ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். வயது அறுபத்தாறு. சாமி, பூதம், ஜோசியம் எதையும் மதிக்காதவள். நடந்ததைப் போலீசில் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, வெயில் சுள்ளென்று அடிக்கும்போது நடந்தது.

நோலீனின் புருஷன் மெர்வ். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பது அவன் வேலையாக இருந்தது. முப்பத்தோரு வருஷம். எத்தனையோ பேரை அழவைத்து அனுப்பியிருக்கிறான். உலகத்தில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவனுடைய முடிந்த முடிவு. ஓய்வு பெற்ற மறுமாதமே சக்கரம் வைத்த வீடு மாதிரி ஒரு கேரவன் வாங்கினான். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பொண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு, நாட்டைச் சுற்றக் கிளம்பினான். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கேரவனை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க மெர்வுக்கு வராது.

ஐந்து மாதம், ஒவ்வொரு ஊரிலும் சாயங்காலம் இதே கூத்துதான். அவன் காருக்குள் இருப்பான். அவள் பின்னால் வெயிலில் வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இடது... இடது மெர்வ்... நில்லு!" என்பாள். அவன் வலது பக்கம் ஒடிப்பான். தண்ணீர்க் குழாயை இடிப்பான். இறங்கி வந்து பார்த்து, "நீ சொல்ற லட்சணம் இதுதான்" என்பான். சுற்றிலும் மடக்கு நாற்காலி போட்டு பீர் குடிக்கும் கிழடுகள் அத்தனையும் இதை வேடிக்கை பார்க்கும்.

கேரவன் படியை மடக்காமல் கிளம்பி, ரோட்டோரக் கல்லில் அடித்து, படியையே தொலைத்தான். துணிக் கூரையை விரித்து வைத்துவிட்டுத் தூங்கினான். காற்றில் அது இரண்டாகக் கிழிந்தது. கழிவறைத் தொட்டியைக் காலி பண்ணப் போய்க் காலிலேயே கொட்டிக்கொண்டான். எல்லாவற்றுக்கும் காரணம் நோலீன்தான். அவன் அப்படித்தான் சொன்னான்.

சரி, மீனாவது பிடித்தானா? ஐந்து மாதத்தில் மூன்று கெளுத்தி, ஒரு பழைய செருப்பு. கொடுவா பிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று சபதம் வேறு. "இந்த ஆத்து மீனுக்கெல்லாம் புத்தி கிடையாது" என்பான். நோலீன் பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. அவன் சூப்பு உறிஞ்சும் சத்தம் கேட்டாலே அவளுக்குக் குமட்டும். டவுன்ஸ்வில்லில் தங்கை வீடு இருக்கிறது. அங்கே போனதும் இறங்கிவிடுவது, திரும்ப இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தாள். அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை பத்தொன்பதாம் தேதி. வடக்கே, வளைகுடாப் பக்கம். மதியம் 3.25.

செம்மண் ரோட்டின் ஓரத்தில் ஒரு பழைய சரளைக்கல் குழி. அதற்குள் ஐந்து கேரவன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நிழல் கிடையாது. ஒரே புழுதி. ஒரு வயதான பெண்மணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆத்தங்கரைக்கா போறீங்க? இங்கயே நில்லுங்க. இடம் பண்ணித் தர்றோம்."

"ஏன், அங்க என்ன?" என்றான் மெர்வ்.

"அங்க யாரும் தங்கறதில்ல."

"முதலையா?"

"முதலை எந்த ஆத்துலதான் இல்ல?" என்றாள் அவள். நோலீனை மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள்.

மெர்வ் கண்ணாடியை ஏற்றினான். "பாத்தியா? ஆத்தங்கரையில நிழல் சும்மா கிடக்கு. இதுங்க இங்க உக்காந்து புழுதி தின்னுதுங்க. ஆட்டு மந்தை."

3.40க்கு ஆற்றங்கரை வந்தது. மேட்டில் சமமான தரை. பெரிய பெரிய தைலமரங்கள். கீழே அகலமான பழுப்பு ஆறு. ஒரு வண்டிகூட இல்லை. நோலீன் இறங்கிப் பார்த்தாள். சக்கரத் தடம் இல்லை. அடுப்பு மூட்டிய கரி இல்லை. ஒரு பீர் டப்பாகூட இல்லை. இந்த நாட்டில் பீர் டப்பா கிடக்காத ஆற்றங்கரையை அவள் பார்த்ததே கிடையாது.

கேரவனின் பின் ஜன்னல் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றான் மெர்வ். அதாவது, ரிவர்ஸ்.

அவள் பின்னால் போய்க் கரை விளிம்பில் நின்றாள். வாக்கி டாக்கியை அழுத்தினாள். உயிர் இல்லை. முந்தின நாள் சார்ஜ் போட மறந்துவிட்டாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் கேரவன் வர ஆரம்பித்துவிட்டது.

நேராக வந்தது. நிதானமாக வந்தது. கரையிலிருந்து சரியாக ஒரு முழம் தள்ளி நின்றது. கோடு போட்ட மாதிரி. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

மெர்வ் இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்படிச் சொல்லு! அஞ்சு மாசமா இதத்தானே கேக்கறேன்? கத்தாம, பதறாம. 'வா... வா... இன்னும் இடம் இருக்கு... போதும்.' எவ்ளோ நல்லா இருந்துச்சு!"

நோலீன் கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்தாள். விளக்குகூட எரியவில்லை.

சார்ஜ் போடவில்லை என்று சொன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவான். லாரிக்காரர்கள் யாராவது பேசிக்கொண்டது இவன் காதில் விழுந்திருக்கும். முட்டாளுக்கு அதிர்ஷ்டம். அப்படித்தான் நினைத்தாள். கேரவனுக்குள் போய் அதைச் சார்ஜில் செருகினாள்.

4.50. மெர்வ் தூண்டிலையும் இறால் பெட்டியையும் எடுத்துக்கொண்டான். அவனுடைய வாக்கி டாக்கியை இடுப்பில் சொருகினான். "பீர் வேணும்னா கூப்பிடறேன்" என்றான். கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தது. சட்டையைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டு, மாடு இறங்கும் சரிவு வழியாகக் கீழே போனான்.

5.15. நோலீன் அடுப்பில் சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தாள். சார்ஜில் இருந்த வாக்கி டாக்கி பேசியது.

கர்ர்ர்... "இங்க ஆழமே இல்லையே." மெர்வின் குரல்.

கர்ர்ர்... "இன்னும் கொஞ்சம் இறங்கு மெர்வ். மீனெல்லாம் அங்கதான் நிக்குது."

ஒரு பெண் குரல்.

யாரடா இவள் என்று நினைத்தாள் நோலீன். நம் குரலை வெளியிலிருந்து கேட்டால் சட்டென்று பிடிபடாது. கொஞ்ச நேரம் ஆகும். அவளுக்கும் ஆனது.

அது அவள் குரல்.

இருபது வருஷமாக அவளே அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அன்பாக, அவசரமில்லாமல்.

"சரி கண்ணு," என்றான் மெர்வ். "இதோ வரேன்."

அந்த 'கண்ணு'வைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போலீசில் அவள் சொல்லாதது. கேட்டவுடன் அவள் ஓடவில்லை. நின்றாள். 'போகட்டும்' என்று ஒரு நினைப்பு வந்ததாம். ஒரே ஒரு தடவை.

"எவ்வளவு நேரம் நின்னே?" என்று கேட்டேன்.

"சாசேஜ் கருகற வரைக்கும்," என்றாள்.

கர்ர்ர்... "வா... வா..."

சளக்... சளக்... தண்ணீரில் கால் வைக்கும் சத்தம்.

அப்போதுதான் ஓடினாள். 5.19.

கரை விளிம்பிலிருந்து பார்த்தாள். தூண்டில் சேற்றில் கிடந்தது. மெர்வ் தொடையளவு தண்ணீரில் நின்றான். வாக்கி டாக்கி காதோடு ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"மெர்வ்! வெளிய வா!"

அவன் எரிச்சலோடு திரும்பினான். "நீதானே இறங்குன்னு சொ..."

நிறுத்தினான்.

அவள் கையைப் பார்த்தான். கையில் தோசைக் கரண்டி மாதிரி ஒரு கரண்டி. வேறு எதுவும் இல்லை.

அவள் வாயைப் பார்த்தான். மூடியிருந்தது.

அவன் காதோரம்...

கர்ர்ர்...

"அவள விடு மெர்வ். நீ வா... இன்னும் இடம் இருக்கு."

இரண்டு பேரும் கேட்டார்கள்.

மெர்வ் பயந்து அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். வாக்கி டாக்கியை ஆற்றில் எறிந்தான். ஓடினான். விழுந்தான். சேற்றில் தவழ்ந்தான். அவனுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு கோடாக விலகிக்கொண்டே வந்தது. முதலையாக இருக்கலாம்... இருக்கட்டும்.

அவள் பாதி சரிவு இறங்கி அவன் முடியைப் பிடித்து இழுத்தாள். கிடைத்தது அதுதான்.

ஒரு ராத்திரிதானே என்று அவன் கேரவனைக் காரிலிருந்து கழற்றவில்லை. அந்தச் சோம்பேறித்தனம்தான் காப்பாற்றியது. அவள் அடுப்பை மட்டும் அணைத்தாள். நாற்காலி, தூண்டில், சட்டை எல்லாம் அங்கேயே கிடந்தன. அவளே ஓட்டினாள். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களைப் பெயிலாக்கியவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

5.41. சரளைக்கல் குழி. அந்தப் பெண்மணி தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

நோலீன் கேரவன் கதவைத் திறந்தாள். மெர்வ் அவளுக்குப் பின்னால், தோளை ஒட்டி நின்றான்.

சார்ஜில் இருந்தது இன்னொரு வாக்கி டாக்கி. பச்சை விளக்கு.

கர்ர்ர்...

இந்தத் தடவை ஆண் குரல்.

மெர்வின் குரல்.

"நோலீன்... நீயாவது வா."



அவள் வயரைப் பிடுங்கினாள். பேட்டரியைக் கழற்றினாள்.

நின்றது.

அன்று ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் விளக்கை எரியவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை வீட்டு யோசனையை நோலீன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. "பாசம் கீசம்னு எழுதிடாதே," என்றாள் என்னிடம். "அந்த ஆளு இன்னும் சூப்ப உறிஞ்சிக்கிட்டுதான் இருக்கான். ஆனா நான் நின்னேனே. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இறங்கிப் போறது?"

மறுநாள் காலை 7.30. அறுபது கிலோமீட்டர் தள்ளி, பெட்ரோல் பங்கோடு சேர்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை. காரல் என்ற பெண்மணி நடத்துவது. டீயும் டோஸ்ட்டும் கொண்டு வந்து வைத்தவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"எங்க வண்டிய நிறுத்தினீங்க?"

நோலீன் ஆற்றங்கரையைச் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

"அந்த மேட்டுலயா? யாரும் சொல்லலையா உங்களுக்கு?" காரல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆறு வருஷம் ஆச்சு. ரெக்ஸ்னு ஒரு ஆளு. உங்க வயசுதான் இருக்கும். பொண்டாட்டி ஐலீன் பின்னாடி நின்னு வழி காட்டறா. இவன் கேரவன ரிவர்ஸ் எடுக்கறான். எடுத்தான் பாரு, கரையத் தாண்டி, கேரவனோட சேத்து அவளயும் ஆத்துல தள்ளிட்டான். கார் மட்டும் மேல தொங்கிக்கிட்டு நின்னுச்சு. அவள மூணு நாள் கழிச்சு எடுத்தாங்க. அவன் இன்னும் ஜெயில்லதான் இருக்கான்."

மெர்வ் டீயை வைத்துவிட்டான்.

"கோர்ட்ல என்ன சொன்னான் தெரியுமா?" காரல் மூக்கைச் சுளித்தாள். "வாக்கி டாக்கியில அவதான் வா வான்னு கூப்பிட்டாளாம். இன்னும் இடம் இருக்குன்னாளாம்."

"நெசமாவே..." என்றான் மெர்வ். "நெசமாவே கேட்டிருக்கலாம்ல?"

"ஏன்யா, பொய்யாவது ஒழுங்காச் சொல்ல வேணாமா? ஐலீனுக்குத் தொண்டையில புத்துநோய். ஆபரேஷன் பண்ணி குரலயே எடுத்துட்டாங்க. சாகறதுக்கு முன்னாடி மூணு வருஷமா அவ ஒரு வார்த்தை பேசினதில்ல. கையத்தான் காட்டுவா."

நோலீன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜட்ஜே கேட்டாராம், பேச முடியாதவ பேசினதா எப்படிய்யா நம்பினேன்னு. அதுக்கு அங்கேயே உக்காந்து அழுதானாம். 'மூணு வருஷம் கழிச்சு அவ குரல் கேட்டுச்சு. வண்டிய நிறுத்தினா குரலும் நின்னுடுமேன்னு பயந்துதான் பின்னாடி போய்க்கிட்டே இருந்தேன்'னு."

காரல் காலித் தட்டை எடுத்தாள்.

"நடிகன்," என்றாள். "டோஸ்ட்டுக்கு ஜாம் வேணுமா?"