படம் சொல்லுறவன் மைக்கை வைச்ச இடம்

1. சத்தம்

படம் தொடங்கிக் கொஞ்ச நேரந்தான், மண்டபத்திலை பாதிச் சனம் கதிரையிலை இல்லை.

விசயத்தைச் சொல்லுறன். புங்குடுதீவிலை எங்கடை வாசிகசாலை மண்டபத்திலை மாதத்திலை ஒரு ஞாயிறு பின்னேரம் வயசானவைக்கு நான் படம் போடுறனான். யன்னலுக்குக் கறுப்புச் சீலை, ஒரு புரொஜெக்டர், ரெண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். இங்கிலீசுப் படமெண்டால் கீழை ஓடுற எழுத்தை வாசிக்க எங்கடை ஆக்கள் கண்ணாடியைத் தேடி எடுக்கிறதுக்குள்ளை காட்சி மாறிப்போடும். அதாலை மைக்கைப் பிடிச்சுக் கதையைத் தமிழிலை சொல்லிக்கொண்டு போவன். முந்தி வேலணையிலை வீடியோக் கடை வைச்சிருந்தனான். டெக்கையும் ரீவியையும் வாடகைக்குக் கொண்டுபோய், ஜெனரேற்றரிலை படம் ஓடவிட்ட காலத்திலையே இந்தச் சொல்லுற வேலையும் என்னோடை ஒட்டிட்டுது. இப்ப என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. ‘படம் சொல்லுறவர்’ எண்டால்தான் தெரியும். இனி இந்த வேலையை நாங்கள் எடுத்துச் செய்யிறம் எண்டு ரெண்டு பிள்ளையள் வந்து நிக்கினம். அவைக்காகத்தான் இந்தக் குறிப்பு.

அண்டைக்குப் போட்டது ஒரு பழைய சண்டைப் படம். கடற்படையிலை விமானம் ஓட்டுற ஒருத்தன். அவனுக்குச் சண்டையிலை துளியும் விருப்பமில்லை. வீடு, மனிசி, பிள்ளையள் எண்டு இருந்தவனைத் திருப்பிக் கூப்பிட்டிட்டாங்கள். விமானம் ஏத்துற கப்பலைக் கண்டதும் முன்வரிசையிலை ஒருத்தர், “எட, எங்கடை குறிகட்டுவான் துறையைத் தூக்கி இதுக்குள்ளை வைக்கலாம் போலை” எண்டார். எல்லாரும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பு முடியேல்லை, ஜெட் ஒண்டு ஸ்பீக்கருக்குள்ளாலை கிழிச்சுக்கொண்டு வந்துது.

ஓய்வுபெற்ற தபால்காரர் கதிரைக்குக் கீழை. ரெண்டு பேர் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு குந்தியிருக்கினம். குண்டு போடேக்கை பங்கருக்குள்ளை பழகின பழக்கம். மிச்ச ஆக்கள் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பாக்கினம். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பாத்து வெக்கச் சிரிப்பு.

“கோதாரி, உந்தச் சத்தத்தைக் குறையுமன் ஐசே!” எண்டார் தபால்காரர், சாரத்தைத் தட்டிக்கொண்டு.

குறைச்சன். பிள்ளையள், எங்கடை ஊரிலை சண்டைப் படம் போடுறதெண்டால் முதல் வேலை அதுதான்.

2. நடுவிலை நான்

என்ரை மேசைக்குப் பக்கத்திலை எப்பவும் கனகலிங்கம் அண்ணை இருப்பார். கறண்ட் நிண்டால் ஜெனரேற்றரை இழுக்கிறது அவற்றை பொறுப்பு. நெடுந்தீவுக்குப் படகு ஓட்டி ஓய்ஞ்ச மனிசன். மற்றப் பக்கம், பொம்பிளையளின்ரை வரிசையிலை, அவற்றை மனிசி மகேஸ்வரி அக்கா.

ரெண்டு பேரும் ஒரே வீட்டிலைதான் இருக்கினம். ஒரே குசினிச் சோறுதான். ஆனால் நேரை கதைக்க மாட்டினம். நான் பக்கத்து வீடு எண்டபடியாலை தூது என்ரை தலையிலை. “தம்பி, மருந்து குடிச்சாச்சோ எண்டு கேளும்” எண்டு அக்கா வேலிக்குள்ளாலை சொல்லுவா. அண்ணை எனக்குப் பக்கத்திலைதான் நிப்பார், அவருக்கும் கேக்கும். எண்டாலும் நான் ஒருக்காச் சொல்லவேணும். “குடிச்சாச்செண்டு சொல்லும்” எண்டுவார். நானும் சொல்லுவன். எனக்கு விசர் பிடிக்காதது பெரிய காரியம்.

இது சண்டைக் காலத்திலை தொடங்கின கோவம். கடலுக்கு மேலை ஹெலி சுத்திச் சுட்டுக்கொண்டு திரிஞ்ச ஒரு நாள் அண்ணை படகுக்கு வெளிக்கிட்டிருக்கிறார். வெளிக்கிடுற ஆளைப் பின்னாலை கூப்பிடக்கூடாது எண்டுறது எங்கடை வழக்கம். காரியம் கெட்டுப்போம் எண்டு எங்கை போறாய் எண்டே கேக்கிறேல்லை. அந்த வழக்கத்தையும் முறிச்சு, கைக்குழந்தையோடை வேலிப் படலையிலை நிண்டு அக்கா, “இஞ்சேருங்கோ!” எண்டு கூப்பிட்டிருக்கிறா. ஒருக்கா இல்லை, மூண்டு தரம். அண்ணை திரும்பியும் பாக்காமல் போட்டார். உயிரோடை வந்து சேந்தார்தான். ஆனால் அண்டையோடை அக்கா, புருசனைக் கூப்பிடுற ‘இஞ்சேருங்கோ’ எண்ட சொல்லை விட்டிட்டா.

“அந்த மனிசனுக்கு நானும் பிள்ளையும் ஒரு பொருட்டில்லைத் தம்பி. படகுதான் பெரிசு” எண்டு எனக்கு எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறா.

இப்ப அந்தக் கைக்குழந்தை கனடாவிலை. தாயைக் கூப்பிட்டிட்டாள். விசாவும் வந்திட்டுது. அக்கா போறா, போனால் திரும்பி வாற எண்ணமில்லை எண்டும் சொல்லிப்போட்டா.

“அண்ணை, போகவேண்டாம் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்” எண்டு நான் கெஞ்சிப் பாத்தன்.

“போறவவைக் கூப்பிடக்கூடாது” எண்டார். அவ்வளவுதான். போற நாளும் கிட்டி வந்திட்டுது.

3. பிழையாய்ச் சொன்ன இடம்

படத்திலை விமானி விடியக்காலமை வீட்டாலை வெளிக்கிடுறான். வாசலிலை மனிசியும் பிள்ளையளும் நிக்கினம். கதை பேச்சு இல்லை. அவன் நடக்கிறான், திரும்பேல்லை. கமரா அவன்ரை முதுகைத்தான் காட்டுது.

படத்திலை ஆக்கள் கதைக்காமல் இருந்தால் எனக்கு வாய் கிடந்து துடிக்கும். சும்மா விட்டால் சனம் நித்திரை ஆகிப்போடும் எண்டொரு பயம். அதாலை மைக்கிலை அடிச்சு விட்டன். “பாத்தியளே, இவனுக்கு நெஞ்சு கல்லு. மனிசியைத் திரும்பி ஒரு பார்வை பாத்தானோ, பாருங்கோ!”

பொம்பிளையளின்ரை பக்கம் “ச்சூ” எண்டு சத்தம் வந்துது. அக்கா தலையை ஆட்டினதை நான் கண்டன்.

“பிழையாய்ச் சொல்லுறீர்” எண்டார் கனகலிங்கம் அண்ணை.

“என்ன பிழை?”

“கல்லில்லை ஐசே. பயம்.” அவற்றை கண் திரையிலை. “திரும்பினால் கால் எழும்பாது. அவளின்ரை முகத்தைக் கண்டால் நிண்டிடுவன். அங்கை துறையிலை காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு ஒரு தாய் காத்துக்கொண்டு நிக்குது. நான் நிண்டால் அந்தப் பிள்ளையை ஆர் ஏத்துறது?”

படத்திலை துறையுமில்லை, காய்ச்சல்காரப் பிள்ளையுமில்லை. மைக் என்ரை கையிலை, அவற்றை வாய்க்குக் கிட்ட. ரெண்டு ஸ்பீக்கரிலையும் அவற்றை குரல். நிப்பாட்டுவமோ எண்டு விரல் பட்டனுக்குப் போட்டுது. பிறகு மைக்கை மெல்ல அவருக்கு முன்னாலை மேசையிலை வைச்சிட்டுக் கையை எடுத்திட்டன்.

“படலையாலை வெளிக்கிட்டு, பனையள் மறைக்கிற இடத்துக்குப் போனதும் குடிச்ச தேத்தண்ணி முழுக்க வெளியிலை வரச் சத்தி எடுப்பன். அண்டைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும். வாயைக் கழுவிப்போட்டுத்தான் படகிலை ஏறுறனான். அவள் மூண்டு தரம் கூப்பிட்டவள். மூண்டும் கேட்டது.”

அதுக்குப் பிறகுதான் மண்டபம் முழுக்கத் தன்னைப் பாக்கிறதைக் கண்டார்.

“உது வேலை செய்யுதோ?” எண்டு மைக்கைக் காட்டிக் கேட்டார்.

“ஓம் அண்ணை.”

“அட கடவுளே” எண்டு ரெண்டு கையாலையும் முகத்தைப் பொத்தினார். அந்தச் சொல்லும் ஸ்பீக்கரிலை போச்சு. ஒருத்தரும் சிரிக்கேல்லை.

மிச்சப் படத்துக்கு நான் வாய் திறக்கேல்லை. கடைசியிலை அந்த விமானி வீட்டுக்குத் திரும்பேல்லை. அது எல்லாருக்கும் விளங்கினது. தபால்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

வெளிச்சத்தைப் போட்டன். சனம் கதிரையளை அடுக்காமல் மெல்ல மெல்லக் கலைஞ்சு போச்சு. அக்கா நேரை என்ரை மேசையடிக்கு வந்தா. நான் வழக்கம்போலை தூதுக்கு ஆயத்தமாய் நிண்டன். அவ என்னைப் பாக்கவேயில்லை.

“இஞ்சேருங்கோ” எண்டா.

அண்ணை தலையை நிமித்தினார்.

“சத்தி எடுத்ததை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் போக விட்டிருப்பீரோ?”

“விட்டிருக்க மாட்டன்.”

“அதுதான்.”

“இவ்வளவு காலமும் நான் உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்” எண்டு சேலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சா. பிறகு, “எழும்புங்கோ. வெயில் தணிஞ்சிட்டுது, வீட்டை போவம்” எண்டா. நான் வயர் சுத்துற சாட்டிலை மற்றப் பக்கம் திரும்பி நிண்டன்.

4. படலையடி

கனடாப் பயணம் நிக்கேல்லை. பேரப்பிள்ளையைப் பாக்கவேணும்தானே. “குளிர் தொடங்க முன்னம் வந்திடுவன்” எண்டு அக்கா சொன்னது புதுக் கதை. அதைச் சொன்னதும் அண்ணைக்கு நேரை, என்னட்டை இல்லை.

எயாப்போட்டுக்குப் போற வான் வந்து படலையிலை நிண்டுது. நான் சூட்கேசை ஏத்தினன். அக்கா அண்ணைக்குக் குளுசை, மா, மிளகாய்த்தூள் இருக்கிற இடமெல்லாம் சொல்லி முடிச்சிட்டு, “நான் போட்டு வாறன்” எண்டு வெளிக்கிட்டா. ஒரு காலை வானிலை வைச்சிட்டா.

“இஞ்சேரும்!”

பின்னாலை இருந்து அண்ணைதான். வான்காரருக்குப் பதட்டம். “அண்ணை, பயணம் வெளிக்கிடேக்கை பின்னாலை கூப்பிடாதேங்கோ!”

அக்கா வைச்ச காலை எடுத்தா. திரும்பினா. படலைக்கு நடந்து வந்து அவருக்கு முன்னாலை நிண்டா.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை. திரும்புறீரோ எண்டு பாத்தனான்.”

பிள்ளையள், அந்த இடத்திலை நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. நீங்களும் மைக்கைப் பிடிக்கிற நாளிலை இப்பிடி ஒரு இடம் வரும். அப்ப அதைக் கீழை வைச்சுப் போடுங்கோ.