சௌனா வேண்டாம், சுஷி வேண்டாம்

தோழியின் கல்யாணத்துக்கு முன் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பெண்களுக்கு மட்டுமான கொண்டாட்டத்தை நான்தான் ஒழுங்கு செய்தேன். மாப்பிள்ளையின் அக்கா தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டளை அனுப்பினார். சௌனா என்ற வெப்ப அறைக் குளியல் வேண்டாம், பச்சை மீன் வைத்த சுஷி வேண்டாம், கழிவறைக்குப் பக்கத்து மேசை வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினேன்.

அன்று வாழ்த்துச் சொல்ல எல்லோரும் வைன் கோப்பையை உயர்த்தியபோது அவர் மட்டும் தொடவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒரு மிடறு குடிக்கவும் ஏலாதோ அக்கா? எல்லாம் வேண்டாமெண்டால் ஏன் வந்தனீங்கள்?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.



“எனக்கு ரெண்டு மாசம்,” என்றார் அவர், தலை நிமிராமல். “மூண்டு முடியாமல் சொல்லக்கூடாதெண்டு அம்மாவுக்கே இன்னும் சொல்லேல்லை.”

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்தப் பட்டியலைப் பார்த்த அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.