ஹேமாவுக்கு முடி முளைத்தது

குணமாவது அரிது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட பிள்ளைகளோடு விளையாடுவதும் பேசுவதும்தான் என் வேலை. இந்தத் தொழிலில் கைராசிக்காரி என்று யாரும் பெயரெடுத்ததில்லை. ஆப்பிள் பையோடு நோயாளியைப் பார்க்கப் போய், “எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பைத் தேடியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். உங்களுக்கு அது என்றைக்கோ ஒரு நாள், எனக்கு அதுவே உத்தியோகம்.

பொம்மைக்குக் காய்ச்சல்

ஊசி என்றால் அலறும் பிள்ளைகளிடம் ஒரு துணிப் பொம்மையையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் கொடுப்போம். பொம்மைக்குக் குத்திக் குத்தித் தங்கள் பயம் தெளியட்டும் என்பது ஏற்பாடு. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஹேமாவிடமும் கொடுத்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்துப் பெண், ஒன்பது வயது, ரத்தப் புற்றுநோய். கீமோவில் தலைமுடி மொத்தமும் கொட்டியிருந்தது.

நர்ஸ் மாதிரித் தெலுங்கில் பொம்மையை அதட்டினாள், அம்மா மாதிரித் தமிழில் கொஞ்சினாள். நான் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். பொம்மையின் கையைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“கையில நரம்பே கெடைக்கலக்கா. கால்ல பாக்கலாமா?”

கேசரி

இனிப் பயனில்லை என்று கீமோவை நிறுத்தி, வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா கோமதி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் மகளின் தலையில் வைத்தார். பூனைமுடியாக முளைத்திருந்தது. மகள் தேறிவிட்டாள் என்று தெரு முழுக்கக் கேசரி கொடுத்திருந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

கீமோவை நிறுத்தினால் முடி வளரத்தான் செய்யும், அதற்கும் குணமாவதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். விசைத்தறியில் வேலை பார்க்கும் அப்பா முருகன், பஸ் வந்துவிடும் என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சொன்னது எதையும் அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கோபமே வந்தது. மறைப்பது சரியில்லை என்றேன். அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

“சொல்றேன் மேடம். அவ சிரிச்சு ரொம்ப நாளாவுது. இன்னும் கொஞ்ச நாளு சிரிச்சிக்கினு இருக்கட்டும்.”

மலைக்குச் சேர வேண்டியது

பிள்ளை பிழைத்தால் திருமலையில் மொட்டை போடுவதாகக் கோமதிக்கு வேண்டுதல். முடி முளைத்ததும் கிளம்பத் தயாராகிவிட்டார். ஹேமாதான் மாட்டேன் என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று எனக்குப் போன் வந்தது.

அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பாவம், இத்தனை நாள் கழித்து வந்த முடியாயிற்றே, ஆசை இருக்காதா என்று கலர் கிளிப்புகளும் வாங்கிப் போயிருந்தேன். போர்வைக்குள் குனிந்து, போட்டால் என்ன, திரும்ப வளராதா என்று கேட்டேன். அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“முடிக்காக இல்லக்கா. வேண்டுதல முடிச்சிட்டா சாமிக்கு நம்மகிட்ட இன்னா வேல? பாக்கி இருக்கட்டும். அத வாங்கறவரிக்கும் என்ன விட்டு வெப்பாரு இல்ல?”

வேண்டுதல் பாக்கியை வட்டியோடு வசூலிக்காமல் விடமாட்டார் என்று எங்கள் பக்கத்தில் பேரெடுத்த ஏழுமலையான், ஹேமாவிடம் மட்டும் ஒரு முடிகூட வாங்காமலே அவளை அழைத்துக்கொண்டார்.